இரண்டாவது முறை கேட்ட கேள்வி

கடந்த மே மாதம், என் மகள்வயிற்றுப் பேரனை எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்காக ஈரோட்டுப் பக்கம் உள்ள ஒரு தனியார் பள்ளிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நுழைவுத் தேர்வு என்று அவர்கள் சொல்லவில்லை, 'இன்டராக்ஷன்' என்றார்கள். குளிரூட்டிய அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இளம் ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார்; இந்தப் பக்கம், கால் தரையைத் தொடாத நாற்காலியில் பேரன். ஆப்பிள் படம் போட்ட அட்டையைக் காட்டி இது என்ன என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். பேரன் அட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பேசவில்லை. தமிழில் கேட்டார், அப்போதும் பேசவில்லை. யானை, பேருந்து, மஞ்சள் நிறம், ஒன்று முதல் பத்து வரை என எல்லாவற்றுக்கும் அதே அமைதிதான். திரும்பும் வழியில், பேருந்து பெருந்துறையைத் தாண்டிய பிறகு, என் காதருகே வந்து, "ஏனுங்க அம்மாயி, அந்த மிஸ்ஸுக்கு ஆப்பிள் தெரியாதுங்களா?" என்று கேட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசிய அலுவலக ஊழியர், பையனுக்கு மொழித்திறன் வயதுக்குத் தக்கபடி வளரவில்லை என்றும், ஓர் ஆண்டு கழித்து அழைத்து வரலாம் என்றும் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது வடிகட்டும் நடைமுறை எதுவும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எல்.கே.ஜி.க்கு வரும் குழந்தைக்கோ நான்கு வயதுகூட நிறைந்திருப்பதில்லை. அந்த இடுக்கில்தான் இன்டராக்ஷன் என்ற சொல் குடியிருக்கிறது. அதைப் பற்றிச் சண்டையிடுவதற்காக இதை எழுதவில்லை. பேருந்தில் பேரன் கேட்டது என்னை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னால் இழுத்துச் சென்றது. அதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் அவனிடம் யாரும் தெரிந்ததைக் கேட்பதில்லை. "பூனை எங்கடா போச்சு?" என்று அவன் அப்புச்சி கேட்டால், பூனையை உண்மையாகவே காணவில்லை என்று பொருள். "கரண்டு வந்திருச்சா பாரு சாமி" என்றால், அவன் விளக்கைப் பார்த்துச் சொல்லும் பதிலை நம்பித்தான் மோட்டார் போடக் கிளம்புவார்கள். தெரியாதவர்தான் கேட்பார், தெரிந்தவர் சொல்வார் என்பது அவன் பிறந்ததிலிருந்து பழகிய முறை. கையில் ஆப்பிள் படத்தை வைத்துக்கொண்டே இது என்ன என்று கேட்கும் ஒரு பெரிய மனுஷியை அவன் அதுவரை கண்டதில்லை. அவர் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்றோ, அல்லது இதில் ஏதோ சூது இருக்கிறது என்றோ அவன் நினைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில், பஞ்சாலைகளை நம்பி வாழ்ந்த இரண்டு ஊர்ப் பகுதிகளில் ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் 1970-களில் பல ஆண்டுகள் பழகி, அங்கே பெரியவர்கள் குழந்தைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் குறித்து வைத்தார். அந்த ஆய்வு 1983-இல் நூலாக வெளிவந்தது. பஞ்சாலை என்றதும் பீளமேடும் சிங்காநல்லூரும் நினைவுக்கு வருகிற நமக்கு அந்த ஊர்கள் அந்நியமாகத் தோன்றா. அவற்றுள் டிராக்டன் என்று அவர் புனைபெயர் சூட்டிய கறுப்பினத் தொழிலாளர் பகுதியில், விடை தெரிந்துகொண்டே 'இது என்ன?' என்று குழந்தையிடம் கேட்கும் வழக்கம் அரிதாகவே இருந்தது. 'இது எதைப்போல இருக்கிறது?' என்றே கேட்டார்கள். அதற்குக் குழந்தைகள் சளைக்காமல் விடை சொன்னார்கள். அதே குழந்தைகள் பள்ளிக்குப் போனதும், படத்தைக் காட்டிப் பெயர் கேட்ட ஆசிரியர்முன் வாயடைத்து நின்றார்கள். ஹீத்தோடு சேர்ந்து பணியாற்றிய ஆசிரியர்கள் சிலர் முறையை மாற்றினார்கள். அந்த ஊரின் புகைப்படங்களையே வகுப்புக்குக் கொண்டுவந்து, இங்கே என்ன நடக்கிறது, நீ இங்கே போயிருக்கிறாயா என்று தொடங்கினார்கள். விடை தெரிந்தே கேட்கும் கேள்விகளை அதன்பிறகு, புதிய பழக்கம் ஒன்றைக் கற்பிப்பதுபோல அறிமுகப்படுத்தினார்கள். இந்தப் பின்பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பேச்சு உயர்ந்தது என்று பாராட்டிவிட்டு நின்றுவிட்டால், பள்ளியின் கேள்விமுறை தெரியாமலேயே அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புத் தேர்வறைக்குப் போய் உட்காரும். பள்ளியின் கேள்வியும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடம்; ஆனால் அதை யாராவது கற்றுக்கொடுத்த பிறகுதானே அதில் மதிப்பெண் போட முடியும்?

என் சொந்தத் தவறுக்கு இப்போது வருகிறேன். 1986-இல் நான் கோவையில் மனையியல் முதுகலை மாணவி. குழந்தை வளர்ச்சி என் சிறப்புப் பாடம். செய்முறைப் பயிற்சிக்காக, சென்னிமலைக்கு அருகே எங்கள் ஒறம்பறை (உறவினர்) ஒருவர் வீடு இருந்த நெசவாளர் தெருவுக்குச் சில நாட்கள் போயிருந்தேன். பையில் கண்ணாடி டம்ளர் இரண்டு, உயரமான ஒல்லிக் குப்பி ஒன்று, களிமண் உருண்டைகள், கட்டம் போட்ட குறிப்பேடு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே வகுத்த சோதனைதான். ஒரே அளவான இரு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவா என்று குழந்தையைக் கேட்க வேண்டும். ஆமாம் என்றதும், அதன் கண்முன்னேயே ஒரு டம்ளர்த் தண்ணீரை ஒல்லிக் குப்பிக்கு மாற்றி, இப்போது ஒரே அளவா என்று மறுபடியும் கேட்க வேண்டும். குப்பியில் நீர்மட்டம் உயர்ந்து நிற்பதால், ஆறேழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் குப்பியில்தான் அதிகம் என்பார்கள். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற அறிவு இன்னும் கைவரவில்லை என்று நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அங்கே ஒரு சிறுமி; ஆறு வயது இருக்கும். தறிக்குழிக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பத்தா ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருக்க, காலியான தார்க்குச்சிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் கேள்விக்கு, "ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க்கா இருக்குது" என்றாள். தண்ணீரை மாற்றிவிட்டு இரண்டாவது முறை கேட்டேன். அவள் குப்பியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தயங்கி, "இதுலதானுங்க்கா சாஸ்தி" என்று குப்பியைத் தொட்டுக் காட்டினாள். கைவரவில்லை என்று கட்டத்தில் குறித்தேன். முகத்தைப் பார்த்தாள் என்பதைக் குறிப்பதற்கு என் ஏட்டில் கட்டம் இல்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் அம்மா எருமை கறந்து, பாலை நெட்டையான செம்பிலிருந்து அகலமான போசிக்கு மாற்றினார். நான் திண்ணையில் காப்பிக்காகக் காத்திருந்தவள், பேச்சுக்காக, "அடடா, பாலு கொறைஞ்சு போச்சே" என்றேன். அந்தச் சிறுமி கைகொட்டிச் சிரித்துவிட்டு, "போசி அகலமுங்க்கா, பாலு அதேதான்" என்றாள். பால் சொசைட்டிக்குத் தினமும் அம்மாவோடு போய், லிட்டருக்கு எத்தனை பைசா என்று காதால் கேட்டு வளர்ந்தவள் அவள். போசி மாறினால் பால் கூடும் என்று நம்புகிற குடும்பம் எதுவும் சொசைட்டியில் பால் ஊற்றிப் பிழைக்க முடியாது. நான் காப்பியைக் குடித்தேன். குறிப்பேட்டில் எழுதியதை மாற்றவில்லை. சோதனை என்பது காலையில் முறைப்படி நடந்தது. மாலையில் நடந்தது வெறும் பேச்சு என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அவள் ஏன் காலையில் அப்படிச் சொன்னாள் என்பதற்கான விடை, நான் சென்னிமலைக்குப் போவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்தது. என் கண்ணில் படத்தான் காலம் பிடித்தது. 1974-இல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள் பியாஜேயின் சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டு, பொருளை மாற்றி வைத்த பிறகு மட்டும் ஒருமுறை கேட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைகளின் தவறுகள் குறைந்தன. ஒரு பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால், முதலில் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது இதற்கு அளிக்கப்பட்ட விளக்கம். நம் ஊர்ப் பள்ளியில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் யாருக்கும் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று வாத்தியார் சொன்னால், சொன்னது தப்பு, மாற்றிச் சொல் என்று பொருள். யோசி என்று அதற்கு ஒருபோதும் பொருள் இருந்ததில்லை.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் இன்னும் வேடிக்கையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். நான்கு முதல் ஆறு வயது வரையிலான 80 குழந்தைகள். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகள். ஆய்வாளரே ஒரு வரிசையைக் குறுக்கி வைத்துவிட்டு எது அதிகம் என்று கேட்டபோது, 13 குழந்தைகள் மட்டுமே சமம் என்றார்கள். பெட்டியிலிருந்து ஒரு குறும்புக் கரடிப் பொம்மை தப்பி வந்து வரிசையைக் கலைத்துவிடுவதுபோல் நடித்துவிட்டுக் கேட்டபோது, 50 குழந்தைகள் சமம் என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்தால் அதில் ஏதோ காரணம் இருக்கும்; கரடி கலைத்தால் அது வெறும் கலைப்பு. குழந்தை வில்லைகளோடு சேர்த்து, எதிரே இருக்கும் மனிதரின் மனத்தையும் படித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர், கரடியின் குறும்பில் மயங்கிய குழந்தைகள் வரிசையையே கவனிக்கவில்லை என்று வாதிட்டதையும் சொல்ல வேண்டும். கரடி உண்மையாகவே ஒரு வில்லையைச் சேர்த்தபோதும் சிலர் சமம் என்றே சொன்னார்கள். ஆகவே கணக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கேட்கும் ஆளும் கேட்கும் விதமும் விடைக்குள் கலந்திருக்கின்றன என்பதை அதன்பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை.

பியாஜேயைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1920-களின் தொடக்கத்தில், பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வு ஒன்றைச் சீர்செய்யும் வேலையில் இருந்த இளைஞர் அவர். சரியான விடைகளை எண்ணுவதை விட, ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தவறு செய்வது ஏன் என்பதில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. தவறான விடையைக் கேலி செய்யாமல் காது கொடுத்துக் கேட்டவர்களில் அவர் முன்னோடி. குழந்தையோடு நீளப் பேசி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று தொடர்ந்து கேட்பதே அவர் முறை. அதைக் கட்டம் போட்ட ஏடாகச் சுருக்கியவர்கள் என்னைப் போன்ற மாணவர்கள். 1969-இல் மெக்சிகோவில் மண்பாண்டம் வனையும் குடும்பத்துக் குழந்தைகள், களிமண் உருண்டையின் வடிவத்தை மாற்றி அதே கேள்வியைக் கேட்கும் சோதனையில் மற்றக் குழந்தைகளை விட முந்தியிருந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்ததை, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். பால் போசியின் நினைவு வந்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

படித்து முடித்து, பெருந்துறை வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்துதான் ஓய்வு பெற்றேன். அந்தக் காலத்தில் என்னை அடிக்கடி தடுமாற வைத்தவர்கள் சந்தைக்குப் போகும் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை அப்பனோடு உட்கார்ந்து தக்காளியும் கத்தரியும் நிறுத்துப் போட்டு, சில்லறையைப் பிழையில்லாமல் எண்ணிக் கொடுப்பான் ஒரு பையன்; திங்கட்கிழமை கரும்பலகையில் அதே பெருக்கலை எழுதினால் மலங்க மலங்க விழிப்பான். அவனுக்குக் கவனம் இல்லை என்று நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில், தெருவில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளைப் பற்றி மூன்று ஆய்வாளர்கள் 1985-இல் எழுதியது இதைத்தான். அவர்கள் வாடிக்கையாளர்போலப் போய் நின்று தேங்காய் விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்). பத்துக்கு எவ்வளவு என்றதற்கு 12 வயதுப் பையன் ஒருவன், மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, பிறகு 315, ஆக 350 என்று அடுக்கினான். பத்தோடு பெருக்கினால் ஒரு சுழியம் சேர்க்கலாம் என்று பள்ளி சொல்லித்தரும் வழியை அவன் தொடவே இல்லை. மும்மூன்றாக எண்ணி விற்றுப் பழகியவனுக்கு மூன்றுதான் அடிப்படை. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணுகிறவர்கள் கைக்கு இத்தனை என்று எடுத்துப் போட்டே ஆயிரக்கணக்கில் எண்ணி முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கடையில் கேட்ட கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடு. கடையில் நான்கு தேங்காய்க்கு 140 என்று சரியாகச் சொன்ன பிள்ளை, தாளில் 35-ஐ நான்கால் பெருக்கி 200 என்று எழுதியது.

இதைப் படித்துவிட்டு, சந்தையே பள்ளி, ஏட்டுக்கணக்கு வீண் என்று பேசுகிறவர்களும் உண்டு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சுக்கு இடம் தரவில்லை. சந்தைப் பிள்ளைகள் தாள் கணக்கில் திணறியதைப் போலவே, சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு கரைகள் இருக்கின்றன. பாலம் எந்தப் பக்கத்திலிருந்தும் தானாக முளைக்கவில்லை. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், சந்தைக்குப் போகும் பிள்ளைகளை முதலில் வாயால் கணக்குச் சொல்ல வைத்து, அவர்கள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதிக் காட்டி, அதற்குப் பக்கத்தில் புத்தக முறையை எழுதுவேன். வேகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் கணக்கு பலகையில் ஏறியதைப் பார்த்து அவர்கள் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்ததை மறக்க முடியாது.

நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. ஒரு மிட்டாயைக் குழந்தையின்முன் வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிப்போவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியிலிருந்து நடத்திய சோதனை அது. பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்பதால், பொறுமையைப் பழக்கினால் மதிப்பெண் வரும் என்று மேடையில் முடிப்பார்கள். 2013-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்ததை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. 28 குழந்தைகளில் பாதிப்பேருக்கு, நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருகிறேன் என்று சொன்ன ஆய்வாளர் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப்பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லாமல் போய்விட்டது என்றார். அதற்குப் பின்பே மிட்டாய்ச் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடமும், ஏமாந்தவர்கள் 3 நிமிடமும் காத்திருந்தார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு செய்த மறு ஆய்வில், குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் மிட்டாய்க்கும் மதிப்பெண்ணுக்குமான தொடர்பு மிகவும் மெலிந்துபோனது. திருப்பூரில் இரண்டு ஷிப்டு வேலை செய்யும் அம்மா, ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு, ஏற்றுமதி ஆர்டர் அவசரத்தால் வர முடியாமல் போன வாரங்களை எண்ணிப் பார்த்தால், அந்தக் குழந்தை கையிலிருக்கும் மிட்டாயை உடனே தின்பதில் மூடத்தனம் எதுவும் இல்லை.

பேசாத குழந்தையைப் பற்றி மட்டும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மொழியே சரியாக இல்லை என்று 1960-களில் கல்வி உளவியலாளர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, வில்லியம் லபாவ் என்ற மொழியியலாளர் அதை மறுத்தார். அவர் குழுவைச் சேர்ந்த கிளாரன்ஸ் ராபின்ஸ் என்பவர் ஹார்லெமிலேயே வளர்ந்த கறுப்பினத்தவர். அவர் போய்க் கேட்டும் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஒற்றைச் சொல்லில்தான் பதில் தந்தான். அடுத்த முறை ராபின்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பையனின் நெருங்கிய தோழனையும் அழைத்துக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் முந்திக்கொண்டு பேசித் தீர்த்தார்கள். ஒரே மொழி பேசும் ஒரே ஊர்க்காரர் என்பதுகூட முதல் முறை போதவில்லை. உயரம் குறைய வேண்டியிருந்தது, துணைக்கு ஒருவன் வேண்டியிருந்தது. என் பேரனின் நாற்காலியையும் அந்த மேசையையும் நினைத்துக்கொண்டேன். பெருந்துறை சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளி ஒருவரின் மகள் என் வகுப்பில் ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் மதிய உணவின்போது பக்கத்தில் இருந்தவளிடம் "முட்ட எனக்கு" என்று கணீரென்று சொன்னதையும் நினைத்துக்கொண்டேன். அதுவரை அவளுக்கு நான் கேட்டவை எல்லாம் பாடப்புத்தகத்துக் கேள்விகள்.

தரையில் உட்காரவும் காத்திருக்கவும் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்று 1970-களில் காட்டினார். மூன்று நொடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். நான் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகினேன். வகுப்பில் மூன்று நொடி என்பது எவ்வளவு நீளம் என்பது முயன்று பார்த்தவர்களுக்கே தெரியும்.

நம் பால்வாடிகளுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. சோறும் முட்டையும் சத்துமாவும் தவறாமல் போய்ச் சேருவதில் நம் மாநிலத்துக்கு நல்ல பெயர் உண்டு. அதற்கு 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் பழக்கமும் ஒரு காரணம். ஆனால் ஒரே டீச்சர் எடை பார்க்க வேண்டும், தடுப்பூசிக்குத் தாய்மாரை அழைத்து வர வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், செயலியில் ஏற்ற வேண்டும், அவற்றுக்கு நடுவே பாட்டும் கதையும் சொல்ல வேண்டும். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி இடங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்கள் கழித்து அளந்தபோது, கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு வியப்பளித்தது அடுத்த செய்திதான்: வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்திருந்தன. புதியவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால், பழைய டீச்சருக்கு வீடுவீடாகப் போய்த் தாய்மாரிடம் பேசவும் எடை குறைந்த குழந்தைகளைக் கவனிக்கவும் கை ஒழிந்தது. 'மாண்டிசோரி' என்று பெயர்ப்பலகை வைப்பதற்கு ஆகும் செலவையும், அந்தக் கல்விமுறையை வகுத்த மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த வரலாற்றையும் அறிந்த நமக்கு, அரைநாள் சம்பளத்துக்கு ஓர் ஆளைச் சேர்ப்பது இவ்வளவு செய்யும் என்று தோன்றாமல் போனது ஏன் என்று தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது என்பதை மறைக்கவில்லை.

பேரனை ஊர்ப் பால்வாடியிலேயே சேர்த்தோம். மகளுக்கு முழு மனமில்லை. இந்த ஓர் ஆண்டுதான் என்று சொல்லிக்கொண்டாள். முதல் நாள் அவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். டீச்சர் எழுந்து வரவில்லை. பாயில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "உங்க ஊட்டுல கோழி எத்தன இருக்குது கண்ணு?" என்றார். அவன் அவரைப் பார்த்தான். நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, ஐந்தைத் தாண்டியிருப்பேன்.

"ஏழுங்க" என்றான். பிறகு தலைப்பை விட்டுவிட்டு இரண்டு அடி உள்ளே போய், "இல்லீங்க, ஆறு. நேத்து ராத்திரி ஒண்ண கீரிப்புள்ள புடிச்சுட்டுப் போயிருச்சு" என்றான்.

"அடப்பாவத்தே, எந்தக் கோழிய?" என்று கேட்டார் அவர், பயறை ஒதுக்கி வைத்துவிட்டு.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்த பிறகும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.